கோணல் பல்

எலும்பைக் கொதிக்க வைக்கக்கூடாது, ஐயா. புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கிவிடும், அப்புறம் எத்தனை வெளுத்தாலும் மஞ்சள் போகாது. பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வாளியை மூடிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சதை தானாகக் கழன்று வரும்.

நாற்றத்தைச் சொல்லி மாளாது. தண்ணீர் மாற்றும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வேன். இதெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சதை என்றாலே எனக்கு அருவருப்பு. ஈரம், பிசுபிசுப்பு, எச்சில் எதுவுமே ஆகாது. அதெல்லாம் போய்க் கடைசியில் வெள்ளையாக ஒன்று மிஞ்சும் பாருங்கள், அதற்காகத்தான் சகித்துக்கொண்டேன்.

என் வேலையும் அப்படித்தான். பல் செட் செய்கிற கூடத்தில் இருக்கிறேன். வாயைப் பார்க்க வேண்டியதில்லை, அச்சு மட்டும் வரும். "எலும்பு மட்டும் இருக்கிற பொண்ணாப் பாத்து உங்களுக்குக் கட்டி வச்சிருக்கணும்" என்று மனைவி கிண்டல் செய்வாள். நல்லவள்தான். மண்டையோடுகளை அடுக்க மாடியில் அலமாரி வைக்க அவள்தான் இடம் ஒழித்துக் கொடுத்தாள்.

நான் எதையும் கொன்றதில்லை. ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிற பிராணிகளைத்தான் எடுத்து வருவேன். ஒரு தடவை பூனை ஒன்றுக்கு இன்னும் மூச்சு இருந்தது. பக்கத்துக் குட்டிச்சுவரில் உட்கார்ந்து, அது அடங்கும்வரை காத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாமே என்று மனைவி கேட்டாள். உயிர் இருப்பதை நான் தொடுவதில்லை என்றேன்.

பார்வை போன பிறகு மாமனார் எங்களோடு வந்து தங்கினார். கூடவே அவருடைய நாயும். பார்வை இல்லாத மனிதர் சாப்பிடுவதை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? சோறு மோவாயில் ஒட்டியிருக்கும், அதை நாய் நக்கும், அவர் சிரிப்பார். நான் செய்து கொடுத்த பல் செட்டைக் கழற்றி, நான் தண்ணீர் குடிக்கிற டம்ளரில் போட்டு வைப்பார். அந்த டம்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பிறகு எந்த டம்ளரில் குடித்தாலும் அந்த நினைப்புத்தான் வந்தது.

ஆனால் கலகலப்பான மனிதர். "நான் செத்தா புதைச்சிடுங்க மாப்ளே, வாளியில ஊறப் போட்டுடாதீங்க" என்பார். நானும் சிரித்து வைப்பேன்.

நாய்க்குக் கீழ்த்தாடையில் ஒரு கோரைப்பல் கோணலாக உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தாடையை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எச்சில் ஒழுகும் அந்த வாய்க்குள் அவ்வளவு அழகான எலும்பு வீணாகக் கிடந்தது.

அன்று மத்தியானம் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் லீவு. வெளிக்கதவுக் கொண்டியை எடுத்து விட்டேன். அதைத்தான் செய்தேன் ஐயா, அதை மறைக்கவில்லை. நாய் மட்டும் ஓடும் என்று நினைத்தேன். அது அவரை விட்டு எங்கேயும் போகாது என்பது எனக்கும் தெரியும்தான். எங்கள் தெருவில் லாரிகள் எப்படி வரும் என்பதும் தெரியும்.

சத்தம் கேட்டதும் சாக்கை எடுத்துக்கொண்டு போனேன். லாரி நிற்கவில்லை. வெயிலில் தெருவில் ஆள் இல்லை. நாய்க்கு இடுப்பில்தான் அடி, தலை முழுசாக இருந்தது. நாயின் பின்னாலேயே வெளியே வந்த மாமனார் ஓரமாகக் கிடந்தார். பல் செட் தெறித்துப் போயிருந்தது. என் செருப்புச் சத்தம் அவருக்குத் தெரியும். கையை நீட்டி, "மாப்ளேயா? நாய்க்கு ஒண்ணும் ஆகலயே?" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவர் வாயெல்லாம் ரத்தமும் கோழையுமாக இருந்தது. அந்தக் கையைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை.

நாயைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். தலையை எடுத்து ஊறப்போட்டு, கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு திரும்பிப் போனபோது கூட்டம் கூடியிருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

நாய் மிரண்டு ஓடிவிட்டது என்று மனைவி நம்பினாள். அப்பா ஞாபகமாக அதுவாவது கிடைக்கட்டும் என்று அதன் படத்தைக் கம்பம் கம்பமாக ஒட்டினாள். பசை டப்பாவை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வாளி நாறுகிறதே, என்ன ஊறுகிறது என்று ஒருநாள் கேட்டாள். நரி என்றேன்.

சதை போனதும் பற்களும் கழன்று விழும். டீ வடிகட்டியில் அரித்து, ஒன்றுவிடாமல் எடுத்து, சோப்புத் தண்ணீரில் கொழுப்பைப் போக்கி, பெராக்சைடில் வெளுத்து ஒட்டினேன். அந்தக் கோணல் பல்லை நேராக ஒட்டியிருந்தால் இன்று இந்த ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் இருந்ததை இருந்தபடி வைப்பதுதான் தொழில். என்னால் பொய்யாக ஒட்ட முடியவில்லை.

அலமாரியைத் துடைக்கப் போனவள் அதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். கோணல் பல்லை விரலால் தொட்டாள். ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க போனப்ப அப்பாவுக்கு உயிர் இருந்துச்சா?"

இருந்தது என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, என் பக்கம் வந்தாலே அவளுக்குக் குமட்டுகிறதாம். உயிர் இருந்ததனால்தான் நான் அவரைத் தொடவில்லை என்பதை, ஐயா, நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.