ஒரு யுபிஎஸ், இரண்டு அறைகள்

கம்ப்யூட்டர் பிராசசரைக் கையில் வைத்துக்கொண்டு ரொட்டி தின்னக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தரையில் போட்ட பிறகு நானே தெரிந்துகொண்டேன். அதன் அடியில் எறும்புக் காலைவிட மெல்லிய ஊசிகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு மூலை முழுக்கச் சாய்ந்துபோயிருந்தது.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"என்னடா அது சத்தம்?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா கன்னிமாதாவக் கூப்பிட்ட?"

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, குழாய் எட்டுகிற தூரம்வரை, அதாவது என் அறை வாசல்வரை வந்து நின்றார். கையில் சின்ன இடுக்கி. ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டிய காலத்தில் ஸ்டாண்டில் முறை வரும்வரை அதால் முகவாய் முடியைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். வண்டியை விற்ற பிறகும் இடுக்கியை விற்கவில்லை.

"கொண்டா இங்க. என்ஜின் வால்வையே நிமித்துன கை. இது கொசு மீசைடா."

ஊசிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். நாலைந்து ஊசிக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் டார்ச் அடித்தேன். கடைசியில் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. எங்களுக்குள் எந்த மனஸ்தாபமும் இருந்ததில்லை என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன்.

என் பெயர் கிரிசாந்தோ, வீட்டில் சாந்தோ. ஊர் பலவான் தீவில் புவேர்த்தோ பிரின்செசா. அப்பாவின் நுரையீரலைப் பாதி டீசல் புகையும் மீதி சிகரெட்டும் தின்றுவிட்டிருந்தன. கட்டிலருகே ஓர் ஆக்சிஜன் மெஷின் பகலும் இரவும் ஓட வேண்டும். அது கரண்டில் ஓடுவது. எங்கள் பக்கம் கரண்ட் போவது புதிதல்ல என்பதால் பக்கத்திலேயே ஒரு சிலிண்டரும் நிறுத்தியிருந்தோம். மெஷின் நின்றால் யாராவது போய், சிலிண்டர் சாவியைத் திருகி, குழாயை மாற்றிச் செருக வேண்டும். அந்த யாராவது நான்தான். அதற்காகத்தான் துணிக்கடை வேலையை விட்டேன்.

மூத்தவள் லஸ்விமிண்டா, மிண்டா அக்கா, தைவானில் கம்ப்யூட்டர் சர்க்யூட் பலகைகள் செய்யும் ஆலையில் இருக்கிறாள். வீட்டில் இருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு பில் தட்டச்சு செய்யும் வேலை எனக்குக் கிடைத்தபோது அவள்தான் பணம் அனுப்பினாள்.

"முதல்ல யுபிஎஸ் வாங்கு, அப்பா மெஷினுக்கு. நீ சந்தைக்குப் போயிருக்கும்போது கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும்ல. மிச்சத்துலதான் உன் கம்ப்யூட்டர். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா."

"நீ இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டா எனக்கு பயமா இருக்கு."

யுபிஎஸ்ஸைத்தான் முதலில் வாங்கினேன். தரமானது, தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அப்பா கட்டிலடியில் நானே வைத்து இணைத்தேன். இதைத் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தில்தான் தொல்லை. பில் தட்டச்சு செய்ய கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். அது அக்காவுக்கும் தெரியும், தெரிந்தேதான் கேட்காமல் விட்டாள். ஆனால் விளையாட்டு ஓட வேண்டுமென்றால் கார்டுதான் எல்லாம். நல்ல கார்டு எடுத்தால் மெமரிக்குக் காசில்லை, மெமரி எடுத்தால் பெட்டிக்கு இல்லை. பெட்டியே இல்லாமல் பழத்தட்டில் பரப்பி வைத்து ஓட்டலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில், காசு போட்டுக் கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு கடையை மூடியபோது பெட்டி கிடைத்தது. முன்னால் ஒரு பெசோ நாணயம் போடும் ஓட்டை அப்படியே இருந்தது. மானிட்டரில் ஒரு பச்சைக் கோடு நிரந்தரமாகக் குடியிருந்தது. கார்டை ஒருவன் கோழிப்பொரியல் கடையில் வைத்து விற்றான்.

"பாஸ், பொம்பளப் புள்ள வச்சிருந்தது. கேம்கூட ஆடல."

"பின்ன எதுக்கு வாங்குனாங்களாம்?"

"போட்டோ பாக்க, பாஸ்."

கார்டின் முதுகில் சமையலறை ஜன்னல்போல எண்ணெய்ப் பசை. வருடக்கணக்காக, கம்ப்யூட்டர்களை அடுக்கி டிஜிட்டல் காசு தோண்டும் கொட்டகையில் இரவுபகலாக வெந்த கார்டு என்று பார்த்ததுமே தெரிந்தது. வாங்கினேன். கம்மிக் காசில் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு வழிதான், திரையில் தெரியாத இடத்தில் கை வைப்பது. வெளியே தெரியாத வயர், வெளியே தெரியாத பவர் சப்ளை. யாரும் உள்ளே திறந்து பார்ப்பதில்லை.

கம்ப்யூட்டருக்கென்று ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினேன். வெளியே பார்க்க யுபிஎஸ்ஸேதான். அதே கறுப்புப் பெட்டி, அதே பச்சை விளக்கு. உள்ளே பாட்டரி கிடையாது, அதனால் விலையும் கிடையாது.

முதல் வாரமே ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனது. அப்பாவின் மெஷின் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. என் திரை கறுத்தது. நாங்கள் ஆடுவது ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம். பாதியில் காணாமல் போனால் ஓடிப்போனவன் என்று கணக்கெழுதி, தரத்தைக் குறைத்து, கொஞ்ச காலம் ஆடவும் விடாது. கரண்ட் போச்சு என்று அதற்கு எப்படிச் சொல்வது? மாதக்கணக்காக ஏறியதை ஒரு மின்கம்பம் இறக்கிவிடும். எனக்கு அழுகையே வந்தது. துணிக்கடையில் முதலாளி திட்டியபோதுகூட வரவில்லை.

என் கூட்டாளி நோனோய் இரண்டு சந்து தள்ளி இருக்கிறான், அவன் வீட்டுக்கு வேறு லைன். நேரே வந்துவிட்டான்.

"நீ ஆடுறியா, இல்ல அடுப்பு ஊதுறியாடா? ஜெயிக்கிற நேரத்துல காணாமப் போற. ஆளாளுக்கு எங்கம்மாவத் திட்டுறானுங்க."

"கரண்ட் போச்சுடா."

"யுபிஎஸ் வாங்குடா பிச்சக்காரா."

"வாங்கிட்டேன். அப்பா கட்டிலுக்கு அடியில இருக்கு."

நோனோய் பலகைச் சுவரைப் பார்த்தான். "அப்ப சரி" என்று போய்விட்டான். நல்ல பையன்.

இரண்டாவது யுபிஎஸ்ஸுக்கு வழியில்லை. கார்டை விற்றால் வாங்கலாம். விற்கவே முடிவு செய்து போட்டோகூட எடுத்தேன். போட்டோவில் கார்டு அவ்வளவு அழகாக வந்ததால் மனசு வரவில்லை. பிறகு, ஒரே யுபிஎஸ்ஸில் நீண்ட வயர் இழுத்து இரண்டையும் செருகிப் பார்த்தேன். அது வீலென்று கத்திவிட்டு அணைந்தது. இரண்டில் ஒன்றைத்தான் சுமப்பேன் என்கிறது.

அப்போதுதான் நிதானமாக யோசித்தேன். கம்ப்யூட்டரால் ஒரு விநாடிகூட கரண்ட் இல்லாமல் இருக்க முடியாது. மனிதனால் கொஞ்சம் இருக்க முடியும். அப்பாவுக்குச் சிலிண்டர் இருக்கிறது, கூப்பிடுகிற தூரத்தில் நான் இருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு யார் இருக்கிறார்கள்? அப்படியானால் யுபிஎஸ் யாருக்கு அவசியம்? இப்போது யோசித்தாலும் இதில் கணக்குப் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒளித்துச் செய்யவில்லை, அப்பாவிடம் கேட்டேன்.

"எடுத்துக்கடா. அது ராத்திரியெல்லாம் கட்டிலுக்கடியில உறுமிக்கிட்டே கெடக்கு. எனக்கெதுக்கு? நீ பக்கத்துலதான இருக்க."

யுபிஎஸ் என் அறைக்கு வந்தது. ஸ்டெபிலைசர் கட்டிலடிக்குப் போனது. அக்கா வீடியோவில் வந்தபோது போனைக் கட்டிலடியில் காட்டினேன்.

"பச்ச லைட் எரியுதா?"

"எரியுது பாருக்கா."

"அப்பா, ஒழுங்கா வேல செய்யுதா?"

"ராஜா மாதிரி செய்யுதும்மா" என்றார் அப்பா. அவள் பார்க்காத பக்கத்துக் கண்ணை என்னைப் பார்த்துச் சிமிட்டினார்.

அதற்குப் பிறகு பலமுறை கரண்ட் போனது. ஒவ்வொரு முறையும் மெஷின் பீப் பீப் என்று கத்தும், அப்பா சுவரில் இடுக்கியால் தட்டுவார், நான் ஓடுவேன். சாவி தொலையாமலிருக்க அதைச் சிலிண்டர் கழுத்தில் சணல் கயிற்றால் கட்டியிருந்தேன். திருகி, குழாயை மாற்றி, "டிரைவர், வண்டி ரெடி" என்பேன். "டிக்கெட் வாங்கினியா?" என்பார். திரும்பி வந்து உட்கார்ந்தால் ஆட்டம் அப்படியே இருக்கும். என் ஆள் இடையில் ஒருதரம் செத்துப் பிழைத்திருப்பான், அவ்வளவுதான்.

ஏப்ரலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது நடந்தது. தரம் ஏறும் ஆட்டம். ஜெயித்தால் ஒரு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த படியில் ஏறிவிடுவேன். கரண்ட் போனது. என் கம்ப்யூட்டர் போகவில்லை. அதற்காகத்தானே அவ்வளவு பாடுபட்டேன். காதில் பெரிய ஹெட்போன் இருந்தது. ஆட்டம் முடிந்தது, ஜெயித்தோம். ஹெட்போனைக் கழற்றினேன். பீப் சத்தம் கேட்டது.

அப்பா தரையில், சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். சாவியைப் பாதி திருகியிருந்தார். சிலிண்டர் நிறைய ஆக்சிஜன் இருந்தது.

ஹெட்போன் பெரிது என்பதை எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மைதான், யாரும் போட்டுப் பார்க்கலாம். ஸ்டெபிலைசர் விஷயத்தைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு பதில் எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி சவப்பெட்டி வீட்டில் இருந்த நாட்களெல்லாம் சுற்றிச் சுற்றிக் கேட்டேன்.

டாக்டரிடம் கேட்டேன், ஒரு நல்ல யுபிஎஸ் இருக்கும் வீட்டில் இப்படி ஆகியிருக்குமா என்று. "அவரோட நுரையீரல் ஏற்கெனவே ரொம்ப மோசம் தம்பி" என்றார். நான் கேட்டது நுரையீரலைப் பற்றி அல்ல. யுபிஎஸ் விற்ற கடைக்காரர் "அது லோடைப் பொறுத்தது பாஸ்" என்றார். பாதிரியார் தோளில் கைவைத்து, கேள்விகளைக் கர்த்தரிடம் விட்டுவிடு என்றார். கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களின் குழுவில் பெயர் சொல்லாமல் எழுதிப் போட்டேன். ஒருவன் "என்ன மாடல்?" என்றான், ஒருவன் விலை கேட்டான், மூன்றாமவன் தன்னிடம் பழசு ஒன்று விற்பனைக்கு இருப்பதாகச் சொன்னான். இரவு கண்விழிக்க வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்த அப்பாவின் ஸ்டாண்டு நண்பர்களைக் கேட்டேன்.

"அவன் முறை வந்துருச்சுடா சாந்தோ. ஸ்டாண்டுல முறை வந்தா வண்டிய எடுத்துத்தான ஆகணும்?"

"அது சரி மாமா, யுபிஎஸ் இருந்திருந்தா..."

"சீட்ட மறைக்காத, தள்ளி நில்லு."

ஆம் அல்லது இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எல்லோரும் எனக்குக் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். எரிச்சலில் எல்லாவற்றையும் தின்றேன்.

மிண்டா அக்கா அடக்கத்துக்கு முந்தைய நாள் வந்து சேர்ந்தாள். அழுது முடித்து, அப்பாவின் செருப்பைத் தேடிக் கட்டிலடியில் குனிந்தாள். அங்கிருந்த பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். சர்க்யூட் பலகைகள் செய்கிறவள். பச்சை விளக்கு எரிந்தாலும் உள்ளே பாட்டரி இல்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கும். எழுந்து, என் அறைக்கு வந்து, மேஜைக்கு அடியிலும் பார்த்தாள். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நானே சொன்னேன். கார்டு, கோழிப்பொரியல் கடை, ஒரே யுபிஎஸ் வீலென்று கத்தியது, அப்பா கண் சிமிட்டியது வரை. இதுவரை நீங்கள் கேட்டதை அதே வரிசையில்.  அவள் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தாள்.

"கரண்ட் போனப்ப இந்த ஃபேன் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"ஏப்ரல் மதியம். வேத்துச்சா?"

"வேத்துச்சு."

"வாசல்ல நோனோய் அழுதுக்கிட்டு நிக்கிறான். நீ மைக்குல 'இதோ வந்துட்டேன்ப்பா, இதோ வந்துட்டேன்ப்பா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தியாம். போய்ட்டு வாடா, நாங்க பாத்துக்கிறோம்னு அவன் சொன்னானாம். முடியப் போவுதுன்னியாம்."

அப்படிச் சொன்னேன்தான். சொன்னால் அப்பாவுக்குத் தைரியமாக இருக்கும் என்று சொன்னேன். அவர் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு தட்டவில்லை. சரி, பொறுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஆனால் இந்த விவரங்களெல்லாம் முக்கியமில்லை, முக்கியமான கேள்விக்கு அவளாவது பதில் சொல்ல வேண்டுமென்று இருந்தது எனக்கு.

"அக்கா, நீ சொல்லு. சுத்தி வளைக்காமச் சொல்லு. அந்த யுபிஎஸ் அப்பா மெஷின்லயே இருந்திருந்தா, அவர் பொழச்சிருப்பாரா?"

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"யுபிஎஸ் எதுக்குடா? நீ எந்திரிச்சிருந்தா பொழச்சிருப்பாரு."