மூத்தவனுக்கு முதல் கோப்பை

தினமும் காபி குடிக்கிற கோப்பையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், மகளே. சுகாதார நிலையத்திலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்து கேட்கிறாய், அதனால் சொல்கிறேன். உள்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டும். மயிரிழை விரிசல்கூட ஆகாது. எலுமிச்சைச் சாற்றை ஊற்றி மறுநாள் வரை வைத்தால் மெருகு மங்கக் கூடாது. நான் வைத்துப் பார்த்தேன். மங்கியது.

அந்த மஞ்சள் கோப்பையை ஜிம்மா சந்தையில் வாங்கினேன். விற்றவள் நேர்மையானவள்.

"தாத்தா, இது சும்மா அழகுக்கு வைக்கிறது. சூடா எதையும் ஊத்திக் குடிச்சிடாதீங்க. மெருகுல ஈயம் இருக்கு. வயிறு வலிக்கும், ஞாபகம் போயிடும்."

ஞாபகம் போகும் என்றாளா, பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக் கிழவன் வாக்காரிக்கு ஞாபகம் அதிகம். அறுபது வருடமாக எங்கள் வீட்டில்தான் காபி. ஒரே தூளை மூன்று முறை கொதிக்கவைத்து ஊற்றுகிற மூன்று சுற்றும் முடியாமல் எங்கள் ஊரில் யாரும் எழுந்து போவதில்லை. மூன்று சுற்றிலும் என் கதையைக் கெடுத்துக்கொண்டிருந்தான். கோஜெப் ஆற்றில் ஒரு நீர்யானையைக் காதைப் பிடித்துக் கரையேற்றியதை நான் சொல்லிக்கொண்டிருப்பேன். தெருவே வாயைப் பிளந்திருக்கும்.

"அது கன்னுக்குட்டிடா. நான்தான் பின்னால இருந்து தள்ளினேன்," என்பான்.

எல்லோரும் சிரிப்பார்கள். காபி ஊற்றுகிற என் மனைவி சொரோமே கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பாள்.

நல்ல கோப்பை, முதல் சுற்றில், மூத்தவனுக்குப் போக வேண்டும். எங்களில் யார் மூத்தவன் என்பதுதான் ஆயுள் முழுக்கச் சண்டை. ஒருநாள் எல்லோர் முன்னாலும் விட்டுக்கொடுத்தேன்: "வாக்காரிதான் பெரியவன். மஞ்சள் கோப்பை அவனுக்கு." அவன் அழுதுவிட்டான். ஆறு வருடம் அதில்தான் குடித்தான்.

நாலாம் வருடம் கன்றுக்குட்டி மறந்துபோயிற்று. ஐந்தாம் வருடம் அவனே கேட்டான்: "நீர்யானை ரெண்டு வந்துச்சேடா. இன்னொன்னை ஏன் விட்டுட்டே?" என் வாழ்க்கையிலேயே மிக நல்ல வருடம் அது.

இப்போது ஆஸ்பத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். எதைச் சாப்பிட்டாய், எதில் குடித்தாய் என்று டாக்டர் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் நான் சொல்கிறேன், எழுதிக்கொள்: தெரிந்துதான் கொடுத்தேன். இதோ கோப்பை. இன்றைக்கே கொண்டுபோய்க் காட்டு. அவன் பிழைத்தாக வேண்டும். நீர்யானைக்கு வேறு சாட்சி கிடையாது.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. அவன் தங்கமானவன், மூன்றாவது சுற்று வந்தால் கோப்பையை என் பக்கம் நீட்டிவிடுவான். "போடா, நீதான் மூத்தவன். ஆசீர்வாதச் சுற்று உனக்கு." அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னால் எப்படி மறுப்பது? ஆறு வருடமும் வாங்கிக் குடித்தேன். மூன்றாவது சுற்று வெறும் தண்ணீர் மாதிரி, அது ஒன்றும் செய்யாது. என் ஞாபகம் கண்ணாடி. அந்த இரண்டு நீர்யானைகளும் இப்போதுகூடக் கண்முன் நிற்கின்றன.

"தாத்தா, உங்க கை இப்படி நடுங்குதே?"

நடுங்காதா பின்னே? நான்தானே மூத்தவன்.