மாப்பிள்ளையின் கை

கரீம் பாட்சா பாய், அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். முகத்தில் காற்றடித்தால் எனக்குப் பேச்சு ஓடாது. கடையிலும் வேலை நேரத்தில் ஃபேன் போடுவதில்லை, பழகிவிட்டது.

ஜமாஅத் கேட்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். பயந்து சொல்லவில்லை.

தாராவியில் எங்கள் ஜஹாங்கீர் கடை என்றால் உங்களுக்கே தெரியும். குர்லாவில் பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டு வாங்கிவந்து சரிசெய்து விற்கிறோம். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்குள் தலைமுடி போல மெல்லிய பின்கள் ஆயிரத்துக்கு மேல் நிற்கும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். விரல் பட்டாலே வளைந்துவிடும். லென்ஸுக்கு அடியில் வைத்து, ஊசிமுனை ட்வீசர் இடுக்கியால் மெதுவாக நிமிர்த்த வேண்டும். கொஞ்சம் அதிகமாக அசைத்தால் ஒடிந்துபோகும். அதோடு போர்டு குப்பைதான்.

தௌசீப் என் தங்கை ராபியாவைக் கட்டியவர். வேலையில்லாமல் திரிந்தவரைக் கடையில் உட்கார வைத்ததும் ட்வீசர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான். அதை யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அவருக்குக் கை சீக்கிரம் படிந்துவிட்டது. வருகிற ஆட்கள் என்னைத் தாண்டி எட்டிப்பார்த்து, "தௌசீப் பாய் கிதர் ஹை?", அவர் எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அவரைக் கூப்பிட்டுவிடுவேன். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, கல்யாணில் தனியாகக் கடை பார்த்திருப்பதாகச் சொன்னார். என்னிடம் கேட்கவில்லை பாய், சொன்னார். ராபியாவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாள்.

நான் கோபப்படவில்லை. நல்ல இடமா, ஸ்டேஷனுக்குப் பக்கமா என்று விசாரித்தேன்.

மறுநாள் அவர் சரிசெய்து வைத்த போர்டை பேக் செய்யுமுன், சாக்கெட்டின் கறுப்பு மூடியைக் கழற்றி ஒரு பின்னை லேசாகத் தள்ளினேன். ஒடிக்கவில்லை. நல்ல சாமானைப் பாழாக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. வாங்கிப்போனவர் திரும்பி வந்து, மெமரி செருகும் ராம் ஸ்லாட் ஒன்று வேலை செய்யவில்லை என்றார். தௌசீப் லென்ஸில் பார்த்துவிட்டு, லென்ஸைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். எல்லாருக்கும் ஒருநாள் கை தவறும் என்று நான்தான் தேற்றினேன்.

அதன்பிறகும் அவசரப்படவில்லை. எப்போதாவது ஒன்று, அவ்வளவுதான். அவர் கை நடுங்குகிறது என்று நான் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. சரியாகத் தூங்கினாரா என்று மட்டும் கேட்பேன். நடுக்கம் என்ற வார்த்தையை முதலில் எடுத்தது அவர். கையை விரித்துக் காட்டி, "தெரியுதா மச்சான்?" என்றார். கை கல் மாதிரி நின்றது. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோளில் தட்டிக்கொடுத்தேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஒன்றுமில்லாமல் ஏன் இப்படி ஆகிறது என்று தௌசீப்புக்குப் பயம் கூடிவிட்டது. வேறு யாரிடமோ போய் மாத்திரை வாங்கி விழுங்கினார். பகலெல்லாம் கண் சொருகி உட்கார்ந்திருந்தார். பிறகு நிஜமாகவே கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தார். கல்யாண் கடைப் பேச்சு தானாக நின்றது. மகள் சஃப்ரீன் பிறந்தபோது அவர் தூக்கவே இல்லை. கீழே போட்டுவிடுவேன் என்று சுவரோரம் போய் நின்றுகொண்டார். அவள் இப்போது நடக்கிறாள். இன்னும் தூக்கியதில்லை. பிள்ளையைத் தூக்காதே என்று நான் சொன்னேனா பாய்?

ராபியாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. மாத்திரையை நிறுத்தி, கை கொஞ்சம் தெளிந்ததும் அவரைக் கெஞ்சி ஒரு போர்டைப் பார்க்க வைத்திருக்கிறாள். முடிந்த கையோடு லென்ஸ் வழியே சாக்கெட்டைப் போனில் படமெடுத்துக்கொண்டாள். அந்த போர்டும் திரும்பி வந்தது. இடையில் தொட்டது நான் ஒருவன்தான்.

படத்தை என்முன் நீட்டினாள். "அண்ணே, இதுல நேரா நிக்குது. ஒங்க கைக்கு வந்த பிறவு எப்படிச் சாஞ்சுச்சு?"

"நாந்தான் சாய்ச்சேன்" என்றேன். மறுக்கவில்லை. தௌசீப்பைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் போர்டிலிருந்து அத்தனையும் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். எந்தத் திருடன் அப்படிச் சொல்வான்?

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"என் மானத்தக் காப்பாத்த இப்படி ஒரு பழியத் தலையில போட்டுக்கிடுதியளே மச்சான்" என்றார். "என் கை எனக்குத் தெரியாதா?"

ராபியா படத்தைக் காட்டினாள், அழுதாள், அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பிள்ளையோடு கோவண்டியில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். கூட வரச்சொல்லி எவ்வளவோ கூப்பிட்டாள். இவ்வளவு செய்த மச்சானை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். இப்போது என்னோடுதான் இருக்கிறார். சோறு நான் ஊட்டுகிறேன்.

ஆகவே நீங்கள் எதற்காக என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. செய்தது நான்தான். ஆனால் வாசலில் உட்கார்ந்திருக்கிறாரே தௌசீப், வருகிற போகிற எல்லோரிடமும் என்மேல் குற்றமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள். அவருக்கு என்ன நடந்தது என்று அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியுமா, பாய்?