சிவப்புப் பொட்டு வெச்ச ப்ளக்கு

பத்து ஆம்பியர்னு மேல எழுதியிருந்தா உள்ள பத்து ஆம்பியர் இருக்கும்னு உனக்கு யாரு சொன்னா? ஒட்டுன பேப்பர நம்புறியே நெரேதா. செர்வாந்தோகூட நெத்தியில நல்லவன்னு ஒட்டிக்கிட்டுத்தான் வந்தான். நானும் படிச்சேன், நீயும் படிச்ச. என்கிட்ட பத்தொம்பது வருஷம், உன்கிட்ட இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திட்டுப் போய்ச் சேந்துட்டான். உள்ள என்ன சரக்கு இருந்துச்சுன்னு நமக்குப் பொறவுதானே தெரிஞ்சுது.

சிரிக்காத. சிரிக்கிறதுக்குச் சொல்லல.

இந்தா, கையில வாங்கு. கனக்குதா? காலி தீப்பெட்டி மாதிரி இருக்கு. கரண்ட எறக்கி லைட்டுக்குப் பத்து ஆம்பியர் குடுக்குற டிரைவர் டப்பான்னா அரைக் கிலோவாவது கனக்கணும். ஆட்டிப் பாரு, கலகலங்குது. உள்ள பாதி எடம் சும்மா கெடக்குது. முப்பத்தோரு வருஷம் ரேடியோ ரிப்பேர் பட்டறையில சால்டர் வெச்சவ நான், என்கிட்ட வந்து பேப்பரப் படிச்சுக் காட்டுற.

மோந்து பாரு இப்ப. மீன் வாட வருதில்ல? என் கையி இல்லடி. நான் மீனத் தொட்டு மாசமாச்சு. டிரைவரு உள்ளுக்குள்ள வெந்தா இப்படித்தான் அழுகுன மீன் மாதிரி நாறும். நீ இத மாட்டிப் பாத்திருக்க. எவ்ளோ நேரம்? பத்து நிமிஷமா? பொய். பத்து நிமிஷத்துல இந்த நாத்தம் வராது. சீ, தள்ளி வையி, காப்பி டம்ளர் பக்கத்துல வைக்காத. காப்பியக் குடி. பாதி வறுத்த பட்டாணிப் பொடிதான், மூஞ்சியச் சுளிக்காத, இந்த ஊர்ல யாரு வீட்ல முழுக் காப்பிக்கொட்ட இருக்கு.

கேளு. உன் ஸ்ட்ரிப் லைட்டு பன்னெண்டு வோல்ட்டு கேக்குது, அப்ப டிரைவரு பன்னெண்டுதான் குடுக்கணும். மேல போகக் கூடாது. எதுத்த வீட்டு ஒரெஸ்தே இருக்கானே, அவன் தன்னோட கரண்டு பைக்கு சார்ஜர எடுத்து ஸ்ட்ரிப்புல குடுத்தான். அறுவது வோல்ட்டு. நாலு செகண்டு சூரியன் எறங்குன மாதிரி எரிஞ்சுது, அப்புறம் கரி. அந்த நாலு செகண்டுல அவன் மாமியா, மாதாவே நேர்ல வந்துட்டான்னு முட்டி போட்டுட்டா. முட்டி போட்டவள எழுப்ப ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சு. இன்னைக்கும் அவ அது மாதான்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா.

என் மாதா ஏன் இருட்டுல நிக்கிறான்னு கேக்குறியா? படத்தச் சுத்தி லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ஆமா. அது வேற கத. அவளுக்கு மெழுகுவத்தி போதும். நீ பேச்ச மாத்தாத.

எங்க விட்டேன்? கணக்கு. உன் ஸ்ட்ரிப்பு அஞ்சு மீட்டரு. மீட்டருக்குப் பதினாலு வாட்டு. ஆக எழுவது. எழுவதுக்கு எழுவதே குடுக்குற டிரைவர வாங்குனா அது நாள் பூரா மூச்சு வாங்கும், ஒரு வருஷத்துல செத்துப் போகும். அதனால கால்வாசி சேத்துக்கணும். தொண்ணூறு ஆச்சு. தொண்ணூறு எங்கயும் கெடைக்காது, நூறா வாங்கணும். எட்டு ஆம்பியரு நெசமா குடுத்தாப் போதும், பொய்யா பத்து வேணாம். தையலுக்கு லைட்டு ஆடக் கூடாது. நடுங்குற வெளிச்சத்துல ஊசியில நூல் கோத்துப் பாரு, கண்ணு அவிஞ்சு போகும். உனக்கு ஏற்கனவே பாதி அவிஞ்சாச்சு, டம்ளர எடுக்கவே ரெண்டு தடவ தடவுற.

பாத்திரம் உருளுதே, கேக்குதா? மிக்தாலியாதான். அப்பன் உன் வீட்டுக்குப் போனப்ப எம் மவளுக்கு எட்டு வயசு. இன்னைக்கு வரைக்கும் உன் பேரு அவ வாயில வந்ததில்ல. அந்தத் தையக்காரின்னுதான் சொல்லுவா. நீ வந்தது புடிக்கலன்னா வாயால சொல்ல மாட்டா, பானைய உருட்டுவா. உருட்டட்டும்.

முன்னாடி உன்கிட்ட நல்ல டிரைவர் ஒண்ணு இருந்துச்சுன்னு சொன்னியே, பனாமாலேந்து உன் அக்கா மவன் கொண்டாந்தது. பக்கத்துல சின்னதா சிவப்பு சுவிட்சு வெச்சது. அது என்னாச்சு? வெடிச்சுதா. எங்க? பள்ளிக்கூடத்துலயா? ஓ. இப்பல்ல புரியுது. சுவிட்சு நூத்திப் பத்து வோல்ட்டுல இருந்துச்சு, நீ போயி இருநூத்தி இருவதுல சொருகிட்ட. ரெண்டு ப்ளக்கும் ஒரே மாதிரிதானேன்னா, ஆமா, இந்த ஊர்ல ரெண்டு வோல்ட்டும் வரும், ப்ளக்கு மட்டும் ஒரே மாதிரிதான். அது உனக்குத் தெரியாதா? அறுவத்தி நாலு வயசாச்சு.

பொட்டு இல்லியா. அதான் நம்பிட்டியா.

அட கர்மமே.

ஏன்டி, பொட்டு வெக்கிறது செர்வாந்தோ வழக்கம். எங்க வீட்ல இருநூத்தி இருவது வர்ற ப்ளக்கு மேல நகப்பாலிஷால ஒரு சிவப்புப் பொட்டு வெச்சான். உன் வீட்லயும் வெச்சான். ஊருக்கே அவன் போயி பொட்டு வெச்சானா? அவன் தொட்ட ரெண்டு வீட்டுலதான் பொட்டு இருக்கும். பள்ளிக்கூடத்துச் செவுத்துக்கு அவன் புருஷனா? பொட்டு இல்லாததெல்லாம் நூத்திப் பத்துன்னு இருபத்தாறு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்திருக்க. கொமட்டுது எனக்கு. உன்னப் பாத்து இல்ல. அவன நெனச்சு. ஒரு பொம்பளைக்கு ப்ளக்கப் பாக்கக் கத்துத் தராம பொட்டப் பாக்கக் கத்துக் குடுத்துட்டுப் போயிருக்கான் பாரு.

எலெக்ட்ரீஷியன்னு பேரு. வயரப் பல்லால உரிப்பான். உரிச்ச ரப்பரத் தரையில துப்புவான். பேட்டரியில உசுரு இருக்கான்னு நாக்க வெச்சுப் பாப்பான், அதே வாயோட வந்து முத்தம் கேப்பான். உன்கிட்டயுமா? தெரியும். காயத்துக்குப் போடுற பிளாஸ்திரியச் சுத்தித்தான் ஜாயிண்டு போடுவான், ஒரு வாரத்துல அதுல பிசுபிசுன்னு அழுக்கு கோத்துக்கும். த்தூ.

அந்தப் பொட்டு யாரு பாலிஷ்னு நெனச்ச? என்னோடது. ஆரஞ்சும் இல்லாம ரத்தமும் இல்லாம ஒரு செகப்பு, என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஆசப்பட்டு வாங்குனது. ஒரே தடவ போட்டேன். அவன் உன் வீட்டுக்குக் கெளம்புன அன்னைக்கு ரெண்டு சட்ட, டெஸ்டரு, அந்த பாட்டிலு. புருஷன் போனது மறுநாள் ஒறச்சுது, பாட்டிலு போனது அன்னைக்கே ஒறச்சுது. வீடெல்லாம் தேடுனேன்.

சரி, இப்ப நான் கேக்குறேன். லைட்டு செஞ்சு குடு, வாங்கிட்டுப் போயிர்றேன்னு வந்து நிக்கிற. எங்க கொண்டு போவ? வியாழக்கெழம அடிச்ச புயல் காத்துல உன் கூரை எறங்கிருச்சு. நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? கார்தெனாஸ் ஊர் முழுக்கத் தெரியும். இப்ப நீ ஒதுங்கியிருக்குற அந்தப் பள்ளிக்கூடத்து ஹால்ல நாப்பது கட்டிலு, ஒரு ப்ளக்கு. நாப்பது பேரும் போனு சார்ஜுக்கு அடிச்சுக்குறாங்க. அங்க உன் அஞ்சு மீட்டர் ஸ்ட்ரிப்ப யாரு மாட்ட விடுவா? லைட்டு மட்டும் வேணும்னா எதுக்கு அந்த இரும்புத் தையல் மெஷினையும் சைக்கிள் வண்டியில கட்டி இழுத்துட்டு வந்து என் வராண்டால எறக்கியிருக்க?

பேசாத. கட்டிலுக்கடியில வெச்சாத் திருடிருவாங்கன்னு சொல்லப் போற. சொல்லிக்க.

சனிக்கெழம நான் உன் வீட்டப் பாக்கப் போனேன். உனக்காக ஒண்ணும் போகல, ரொட்டி வாங்கப் போனவ அந்தத் தெரு வழியா வந்தேன். கூரை பூரா தரையில. ஒரு செவுரு மட்டும் நிக்குது, அதுல ப்ளக்கு, ப்ளக்கு மேல என் செகப்பு. நடுத் தெருவுல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். என்னவோ நான் உள்ள குடியிருந்த மாதிரி. அப்புறம் பாத்தா ஜன்னல் கட்டையில ஒரு சிகரெட்டு டப்பா, அதுக்குள்ள என் பாட்டிலு. எடுத்துக்கிட்டு வந்துட்டேன். திருடுனேன்னு சொல்லாத. என்னோடது அது.

அடக்கத்தன்னைக்கு நான் பெட்டிக்கிட்ட குனிஞ்சனே, ஞாபகம் இருக்கா? அழுவுறான்னு எல்லாரும் நெனச்சாங்க. நான் சட்டையப் பாத்தேன். நீ தச்சுப் போட்டுவிட்ட வெள்ளச் சட்ட. காஜாவெல்லாம் நேரா இருக்கான்னு பாத்தேன். ஒண்ணாவது கோணியிருந்தா அன்னைக்கு ராத்திரி எனக்கு நிம்மதியாத் தூக்கம் வந்திருக்கும். பதினோரு காஜா. ரெண்டு வருஷம் அவன் பீயையும் மூத்திரத்தையும் அள்ளிக் கொட்டுன கையில பதினோரு காஜாவும் நூல் புடிச்ச மாதிரி நேரா. என் மேலயே அவ்வளவு அருவருப்பா இருந்துச்சு எனக்கு. ஒரு வாட்டியாவது வந்து அவன் தலையத் தூக்கிப் புடிச்சேனா நான்? மூணு தெரு தள்ளித்தான் இருந்தேன். கோழி சூப்பு வெச்சு ஒரெஸ்தேகிட்ட குடுத்துவிட்டேன், நான் குடுத்தேன்னு சொல்லாதன்னு சொல்லி. சொல்லிட்டானா? ஓட்டவாய்.

இந்த டிரைவரத் தூக்கிக் குப்பையில போடு. ஸ்ட்ரிப்ப வெச்சுக்க, தேவப்படும். இல்ல, தேவப்படாது, அங்க ஏற்கனவே ஒண்ணு ஒட்டியாச்சு.

பின்னாடி ரூம்ல. அவன் பட்டறை வெச்சிருந்த ரூமு. ஜன்னலுக்குக் கீழ மேச, மேசைக்கு மேல ஸ்ட்ரிப்பு, ஊசி விழுற எடத்துல நெழலு விழாம ரெண்டு பக்கமும் மடக்கி ஒட்டியிருக்கேன். நூறு வாட்டு டிரைவரு, முக்கால் கிலோ கனம், வோல்ட்டு ஆடாது. எங்கேருந்தா? மாதா பின்னாடியிருந்து கழட்டுனேன். அவ ஒண்ணும் துணி தைக்கலியே.

ரெண்டு ப்ளக்கு இருக்கு அங்க. ஜன்னலோரம் இருக்குறது நூத்திப் பத்து, லைட்டும் மெஷினும் அதுலதான். கதவோரம் இருக்குறதத் தொடாத. அவன் வெச்ச பொட்டு உரிஞ்சு போச்சு, அதுமேல நான் மறுபடி வெச்சிருக்கேன். பாலிஷு காஞ்சு கட்டியாயிருந்துச்சு, அசிட்டோன் விட்டுக் கரைச்சேன். அதே செகப்புதான், நீ புதுசா ஒண்ணும் கத்துக்க வேணாம். கட்டிலு கொஞ்சம் கிரீச்சுங்கும், அதுக்கெல்லாம் என்கிட்ட எண்ணெ இல்ல.

அழாத. அழுதா எனக்கு ஆகாது, எந்திரிச்சுப் போயிருவேன்.

மிக்தாலியா. ஏய் மிக்தாலியா. உருட்டுனது போதும், கையத் தொடச்சுட்டு வா. தூத்தல் போடுது. வராண்டால நெரேதா மெஷின் நனையுது பாரு, தூக்கி உள்ள கொண்டு வா.