பண்ணை அலமாரிக்குப் பூசிய நீலம்

"பண்ணையாரு தோலை உரிச்சுட்டேன் அக்கா."

திருவையாறு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவள் இப்படிச் சொன்னாள். நகக்கண்ணெல்லாம் நீலப் பெயிண்ட். எதிரே இருந்த இரண்டு வெள்ளை வேட்டிகள் முறைத்தன. முறைக்கட்டும்.

"யாரு தோலைடி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அவரு வீட்டு அலமாரியோடதுதான். உச்சவரம்புச் சட்டத்துல நிலம் போனப்புறம் சாமானையும் வித்தாங்கல்ல, நம்ம தெருப் படிப்பகத்துக்கு வாங்கியாந்தோம்."

"முதல்ல பூசினது உரிஞ்சு விழுந்துச்சாமே? பண்ணை ஏஜெண்டு சிரிச்சாராமே?"

"‘எங்க மரத்துல உங்க பெயிண்டு ஒட்டாது’ன்னாரு. பழைய வார்னிஷ் மேலயே பூசிட்டோம், அதான் தப்பு. அப்புறம் சலவைச் சோடா கரைச்சு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினேன். காயவெச்சு, பளபளப்பு சாகுறவரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். தூசியத் தொடச்சு, பிரைமர் அடிச்சு, அதுக்கு மேல நீலம்."

"இப்ப ஒட்டுதா?"

"அதைப் பாக்கத்தான் ஏஜெண்டே முந்தாநாள் வந்தாரு. ஈரம்னு நாங்க சொல்றதுக்குள்ள சாஞ்சு நின்னுட்டாரு."

"அய்யய்யோ. சட்டையிலயா?"

"முதுகு பூரா. துவைச்சுத் துவைச்சுப் பாத்தும் போகலையாம். உப்புத்தாள் மிச்சமிருக்கு, வேணும்னா வந்து வாங்கிக்கச் சொல்லுங்க அக்கா."