உள் நாற்காலி

மனித குலம் கண்டெடுத்த ஆக உன்னதமான ஒற்றுமை சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராதான். நாற்பது பேர், ஒரே மூச்சு. பவானிபூர் ஒத்திகைக் கூடத்தில் மின்விசிறியைப் போட்டால் இசைத்தாள் பறக்கும், நிறுத்தினால் வயலின் மேல் வியர்வை சொட்டும். அதற்காக இசைத்தாள் ஸ்டாண்டுக்கு இரண்டு துணி கிளிப் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி.

கமிட்டியாராகிய நீங்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

வயலின்காரர் இருவருக்கு ஒரு ஸ்டாண்ட். சபையின் பக்கம் இருப்பது வெளி நாற்காலி, அதில் பிரியம்வதா. அவளுக்கு அந்தப் பக்கம், உள் நாற்காலியில், சிவராமகிருஷ்ணனாகிய நான். பக்கம் முடியும்போது உள் நாற்காலி வாசிப்பை நிறுத்திவிட்டுத் தாளைத் திருப்ப வேண்டும். வெளி நாற்காலி விடாமல் வாசிக்கும். இதுதான் வழக்கம். பதினோரு வருஷம் திருப்பினேன்.

லேக் கார்டன்ஸிலிருந்து எல்லாக் கச்சேரிக்கும் வருகிற என் மனைவி பட்டுவின் விமரிசனம் ஒன்றுதான்: “நன்னா இருந்துது. இன்னிக்கு உங்க முழங்கை தெரிஞ்சுது.”

பதினோரு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்காலி மாறுவதில் அநியாயம் ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

பிரியம்வதா நல்ல பெண். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை ‘சிவா தா’ என்பாள். “நீங்க திருப்பறேள்னா நான் கண்ணை மூடிண்டு வாசிப்பேன், சிவா தா.” அந்த நம்பிக்கையை மதித்துத்தான் பசையைக் கொஞ்சமாகத் தடவினேன். தாளின் ஓரத்தில் மட்டும்.

சனிக்கிழமைக் கச்சேரியின் முதல் பாதியில் இரண்டு தாள்கள் சேர்ந்து திரும்பின. அவள் இடம் தெரியாமல் நின்றுவிட்டாள். நான் வில்லை அசைத்துக்கொண்டே இருந்தேன். சத்தம் வராவிட்டாலும் பார்க்க ஒழுங்காக இருக்கும். யார் நின்றார்கள் என்பதைத்தான் இசை நடத்துநர் லாஹிரி பார்ப்பார்.

இடைவேளையில் அவர் கேட்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள். மழைக்கால ஈரத்தில் தாள் ஒட்டிக்கொண்டது, சிவா தா மேல் தப்பில்லை, தான்தான் மனப்பாடம் செய்திருக்க வேண்டும் என்றாள். லாஹிரி அங்கேயே எங்களை இடம் மாற்றினார்.

“அழாதேம்மா, யாருக்கும் நடக்கறதுதான்” என்று என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அது இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

இரண்டாம் பாதியில் வெளி நாற்காலி. நாலாவது வரிசையிலிருந்து பட்டு என் முழு முகத்தையும் பார்த்துக் கையசைத்தாள். வருஷாவருஷம் நாம் வாசிக்கும் அதே சிம்பொனி. அதில் ஏழாம் பக்கத்துக் கடைசி வரி எங்கள் ஸ்டாண்டுக்கு மட்டுமானது. உள் நாற்காலி அப்போது தாளைத் திருப்பிக்கொண்டிருக்கும் என்பதால், வெளி நாற்காலிக்கு மட்டுமானது. மற்ற முப்பத்தெட்டு பேரும் வாசிப்பை நிறுத்திக் காத்திருந்தார்கள். பிரியம்வதா மிகச் சரியான நேரத்தில் தாளைத் திருப்பினாள்.

அரங்கில் ஏ.சி. ஓடுகிற சத்தம் கேட்டது.

தாளில் பசை எப்படி வந்தது என்ற முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் நான் ஏன் வாசிக்கவில்லை என்பது இரண்டாவது கேள்வி. அந்த வரி எனக்கு வராது. பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அதை நான் வாசித்ததில்லை.