பெயர்த்தகடு இல்லாத கலப்பை

மெர்வின்: பார்த்து... தலையை இடிச்சுக்கப்போற.

வெர்னா: இடிச்சாச்சு. டார்ச்சை இந்தப் பக்கம் காட்டு. என் மூஞ்சிலே இல்லடா, கலப்பைச் சட்டத்துல!

மெர்வின்: ஏதாவது எழுத்து தெரியுதா?

வெர்னா: துரு தெரியுது. சிலந்தி தெரியுது. உங்க வீட்டுக் கோழி போட்ட முட்டை ஒண்ணு தெரியுது. எழுத்து மட்டும் இல்ல.

மெர்வின்: அப்போ எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு...

வெர்னா: பறக்காத. பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடுவியே, அப்படியே இருக்க இன்னும். அம்பது வயசாச்சு உனக்கு.

மெர்வின்: உனக்கு மட்டும் பதினாறா? சனிக்கிழமை விழா. மாநிலத்துக்கே நூத்தியம்பது வருஷம் ஆகுதுன்னு ஊரே கூடப்போகுது. கம்பெனி பேர் தெரியாத கலப்பையெல்லாம் கடைசி வரிசைல, வேலியோரமா நிக்கணும்னு சட்டம் போட்டது யாரு? பழைய எந்திரச் சங்கத்துச் செயலாளரம்மா, நீதான்.

வெர்னா: ஆமா, நான்தான். உனக்காக மாத்த முடியாது.

மெர்வின்: மாத்தச் சொல்லலை. அடிலெய்டுலேர்ந்து ஒரு நிபுணர் வந்தாரே, அவர் ஏதோ பெரிய பட்டறை பேரைச் சொன்னாரே...

வெர்னா: இந்தச் சக்கரத்தைப் பார்த்துட்டுச் சொல்லியிருப்பார். அந்தச் சக்கரத்தைப் பார்த்தாரா? இது உருண்டைக் கம்பி, அது பட்டைக் கம்பி. ரெண்டும் வேற வேற விதைப்பு எந்திரத்துலேர்ந்து கழட்டினது.

மெர்வின்: கலப்பைச் சட்டம்?

வெர்னா: தண்டவாளத் துண்டு. ரயில்காரன் பார்த்தா தூக்கிட்டுப் போயிடுவான்.

மெர்வின்: அப்போ... பொறுக்கிச் சேர்த்த குப்பைங்கிற?

வெர்னா: குப்பையா? யாருடா குப்பைன்னது? இந்தக் கீலைப் பாரு. நம்ம மண்ணுல உழுதா அடிக்கொரு வேர்க்கட்டை. கொழு அதுல மோதினா உடையணும். உடையலை. கொழுவைத் தாங்குற கை அப்படியே மேல எழும்பிக் கட்டையைத் தாண்டும்... பாரம் அமுக்கித் திரும்ப மண்ணுல இறக்கும். இத்தனை வருஷம் மழைல கிடந்தும் ஒரு விரலால தூக்க முடியுது. தூக்கிப் பாரு.

மெர்வின்: தெரியும்.

வெர்னா: கம்பெனிக் கலப்பைலகூட இவ்வளவு நேர்த்தியான கீல் நான் பார்த்ததில்ல.

மெர்வின்: ...இன்னொரு தடவை சொல்லு.

வெர்னா: எதை?

மெர்வின்: அதான்... கம்பெனிக் கலப்பைலகூடன்னியே.

வெர்னா: எதுக்கு இப்படி இளிக்கிற நீ?

மெர்வின்: யாரு இளிச்சா? வெயில் கண்ணுல அடிக்குது.

வெர்னா: கொட்டகைக்குள்ள ஏதுடா வெயில்? சரி, பாரத்தைப் பார்த்தியா? ஒவ்வொரு கைலயும் ரெண்டு ரெண்டு, திருகாணி போட்டு முடுக்கினது... முனை கூரா, பின்னாடி தட்டையா... மெர்வின், இது இஸ்திரிப்பெட்டிடா!

மெர்வின்: அப்படியா?

வெர்னா: அடுப்புல வச்சுச் சூடு பண்ணுவாங்களே, அந்தக் காலத்துப் பெட்டி. பிடியை அறுத்துட்டு மாட்டியிருக்கு. சொல்லு, எந்த ஆம்பிளைக்கு இது தோணும்?

மெர்வின்: எங்கப்பா கெட்டிக்காரர்...

வெர்னா: உங்கப்பா ஆறடிக்கு மேல. இந்த இருக்கைல உக்காந்தா முழங்கால் தாடைல இடிக்கும். நெம்புகோல் எவ்வளவு கிட்ட இருக்கு பாரு. குள்ளமான ஒருத்தருக்கு அளவெடுத்துச் செஞ்சது இது.

மெர்வின்: எங்கம்மா செஞ்சது, வெர்னா.

வெர்னா: ம்.

மெர்வின்: குதிரை உதைச்சு அப்பாவுக்கு இடுப்பு முறிஞ்ச வருஷம். நான் பிறக்கவே இல்ல அப்போ. மழை வந்துடுச்சு, இருந்த ஒரே கலப்பையும் வேர்ல மாட்டி உடைஞ்சுபோச்சு. கோதுமை விலை விழுந்து கிடந்த நேரம், புதுசு வாங்க வழியில்ல. அம்மா இதைச் செஞ்சு, குதிரையைப் பூட்டி, முழு நிலத்தையும் தனியா உழுதிருக்காங்க. போன குளிர்காலத்துல, சாகுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில, அப்பாதான் சொன்னார். சொல்லும்போது அந்த முகத்தை நீ பார்த்திருக்கணும்... பட்டம் வாங்கினவர் மாதிரி.

வெர்னா: ஏலத்துல எடுத்ததுன்னுதானே உங்கம்மா இத்தனை நாளும் சொன்னாங்க?

மெர்வின்: பொண்டாட்டி செஞ்ச கலப்பைன்னு அப்பாவை ஊர் கேலி பண்ணுமேன்னுதான். என்கிட்டகூட வாயைத் திறக்கலை.

வெர்னா: தெரிஞ்சுக்கிட்டே என்னை ஏன்டா மண்ணுல உருட்டின?

மெர்வின்: மகன் சொன்னா பீத்திக்கிறான்னு சொல்லுவாங்க. உன் வாயால வரணும். கீலைப் பத்தி நீ சொன்னியே... அதுக்காகத்தான்.

வெர்னா: நான் மட்டும் தெரியாமலா உருண்டேன்? அந்தக் கீலை அடிச்சது எங்கப்பா பட்டறைல. உலை எங்கப்பாவோடது, சுத்தியல் பிடிச்ச கை உங்கம்மாவோடது. அவர் துருத்தி மட்டும்தான் ஊதினாராம். வெளியே சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கியிருக்காங்க.

மெர்வின்: அடிப்பாவி! அப்புறம் ஏன் டார்ச்சைக் காட்டு, அதைக் காட்டுன்னு...

வெர்னா: நீயா எப்போ சொல்றேன்னு பார்த்தேன். ரொம்ப நேரம் எடுத்துக்கிட்ட.

மெர்வின்: சரி, இப்போ பேர் தெரிஞ்சுபோச்சு. சனிக்கிழமைக்குள்ள ஒரு தகடு அடிச்சுக் கொடு. அம்மாவை நான் பக்குவமா சொல்லிச் சம்மதிக்க வைக்கிறேன். கோபப்படுவாங்க...

வெர்னா: நீ ஒண்ணும் சொல்ல வேணாம். போன வாரம் சர்ச்சுக்குக் கேக் கொண்டுபோறேன்னு கிளம்பினாங்கல்ல? நேரா எங்க பட்டறைக்குத்தான் வந்தாங்க. "அவர் போயாச்சு, இனிமே அவரை யாரும் கேலி பண்ண முடியாது"ன்னாங்க. நான் அடிச்சுத் தரேன்னேன், சுத்தியலைப் பிடுங்கிட்டாங்க. எழுத்து எழுத்தா அவங்களே அடிச்சாங்க: "தயாரிப்பு, ஹுல்டா நோஸ்கே." தகடு என் வண்டில இருக்கு. முதல் வரிசைல நட்டநடுவுல நிறுத்தலைன்னா விழாவுக்கே வரமாட்டாங்களாம்.